புலமைப்பரிசிலை இணையத்தில் எங்கே தேடுவது? யாழ்ப்பாண மாணவருக்கு ஓர் ஒப்பீடு

உயர்தரப் பெறுபேறு வெளியான கிழமையே கைபேசிக்கு அறிவித்தல்கள் வரத் தொடங்கிவிடும். "இந்தியாவில் முழுப் புலமைப்பரிசில்." "வட்டியில்லாக் கடன், இன்றே கடைசி நாள்." "ஜேர்மனியில் இலவசப் பட்டப்படிப்பு." மாமா அனுப்புவார், ரியூசன் வாட்ஸ்அப் குழுவில் வரும், ஊர்ச் சங்கத்தின் முகநூலிலும் வரும். அது எந்த ஆண்டு அறிவித்தல், யார் வெளியிட்டது என்ற இரண்டு விபரம் மட்டும் பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.

ஆகவே எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: இது யாருடைய காசு? காசு வைத்திருப்பவரின் பக்கம் ஒரு வகை. காசைப் பற்றிச் செய்தி சொல்லும் பக்கம் இன்னொரு வகை. முதல் வகையில் நிபந்தனை, முடிவுத் திகதி, விண்ணப்பப் படிவம் மூன்றும் இருக்கும். அங்கே எழுதியிருப்பதுதான் செல்லும். இரண்டாம் வகை வழிகாட்டிப் பலகை மாதிரி. பார்த்துவிட்டு நகர வேண்டும், அங்கேயே நின்று விண்ணப்பம் நிரப்பக் கூடாது.

அரசாங்கத் தளமா என்று பார்க்க முகவரியின் வாலைப் பாருங்கள். இலங்கை அரச நிறுவனம் என்றால் 'ஜிஓவி டொட் எல்கே' என்று முடியும். பல்கலைக்கழகங்களும் அவற்றுக்கான மானியங்கள் ஆணைக்குழுவும் 'ஏசி டொட் எல்கே' என்று முடியும். அதே பெயரை வைத்துக்கொண்டு 'டொட் கொம்' என்றோ 'டொட் இன்ஃபோ' என்றோ முடிவது வேறு யாரோ நடத்தும் பக்கம்.

இனி எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்பது உங்கள் இசட் புள்ளியைப் பொறுத்தது. அரச பல்கலைக்கழகம் கிடைத்தவருக்கும், வெட்டுப்புள்ளியில் தவறியவருக்கும், வெளிநாடு போக நினைப்பவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுப்பதால்தான் குழப்பம் வருகிறது.

அரச பல்கலைக்கழகம் கிடைத்தவர்களுக்கு

இவர்களுக்கு வேலை குறைவு. படிப்புக் கட்டணம் இல்லை. தேட வேண்டியது வாழ்க்கைச் செலவுக்கான உதவியை மட்டும்தான். அதற்கு மகாபொல, பேர்சரி என்ற இரண்டு வழிகள் உண்டு. மகாபொல 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நம்பிக்கை நிதியத்தின் காசு. பேர்சரி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக வருவது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதத் தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பேர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. மகாபொலவுக்குத் தெரிவாகாதவர்களுக்குத்தான் பேர்சரி என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஆசைப்பட முடியாது.

இதற்கென்று இணையத்தில் அலைய வேண்டாம். ஆணைக்குழுவின் தளத்தையும், உங்களைத் தெரிவுசெய்த பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன் பகுதிப் பக்கத்தையும் பதிவு நடக்கும் காலத்தில் நாளுக்கு ஒருதரம் பார்த்தால் போதும். ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூல் தமிழிலும் கிடைக்கிறது. பலர் அதில் பாடநெறிப் பக்கங்களை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டு, நிதியுதவி பற்றிய பகுதியைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். வருமான உச்சவரம்பு எவ்வளவு, எதை வருமானமாகக் கணக்கிடுவார்கள் என்ற விபரங்கள் அங்கேதான் இருக்கும்.

பிழை வருவது பெரும்பாலும் வருமானச் சான்றில். கிராம அலுவலர் தரும் சான்றிதழில் பிரதேச செயலாளர் மேலொப்பம் இட வேண்டும். மேலொப்பம் இட்ட திகதியிலிருந்து ஆறு மாதம்தான் அது செல்லும். பெறுபேறு வந்த உடனே அவசரப்பட்டு எடுத்துவைத்தால், விண்ணப்பம் கேட்கும் நேரம் காலாவதியாகியிருக்கும். பதிவு அறிவித்தல் வந்த கிழமையில் எடுப்பதே சரி.

மற்றது, மாத வருமானத்தை ஆண்டு வருமானக் கட்டத்தில் எழுதுவது. 35,000 என்று எழுதினால் வருடம் முழுக்க 35,000 ரூபாவில் குடும்பம் நடக்கிறது என்று பொருள். சரிபார்ப்பவர் அதை நம்பமாட்டார், விண்ணப்பக் கோவை ஒதுக்கப்படும். தோட்டம், கடற்றொழில், கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. கிராம அலுவலர் கேட்டுத்தான் ஒரு தொகையை எழுதுவார். அந்தத் தொகையும், அரசின் அஸ்வெசும நலன்புரி உதவி விண்ணப்பத்தில் சொன்னதும், இங்கே நீங்கள் எழுதுவதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தகப்பனோ தாயோ உயிரோடு இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். ஒருவர் காணாமற்போன குடும்பங்களில் இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் வராது, எடுக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின் காணாமற்போனவருக்கென்று பதிவாளர் நாயகத் திணைக்களம் தனிச் சான்றிதழ் வழங்குகிறது. அதை இணையுங்கள், இணைக்காமல் "தந்தை: இல்லை" என்று எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளிக்கு, அதாவது விடுதி முற்பணம், போக்குவரத்து, முதல் மாதச் சாப்பாடு, மடிக்கணினி ஆகியவற்றுக்கு, கீழே சொல்லும் ஊர்ச் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் நாடலாம்.

வெட்டுப்புள்ளியில் தவறியவர்களுக்கு

உண்மையான ஒப்பீடு வேண்டியது இங்கேதான். வீட்டுக் காசு பெரிதாகப் போவதும், கடன் ஏறுவதும் இந்த வழியில்தான்.

முதலாவது, உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சின் வட்டியில்லா மாணவர் கடன். 2017இல் தொடங்கியது. அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத, ஆனால் உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடமும் சித்தியடைந்தவர்களுக்கானது. உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும், சாதாரண தர ஆங்கிலத்திலோ உயர்தரப் பொது ஆங்கிலத்திலோ சித்தியும் கேட்பார்கள். இந்தப் பொதுப் பரீட்சையை விளையாட்டாக எடுத்துக்கொண்டு, மூன்று பாடத்திலும் நல்ல பெறுபேறு இருந்தும் தகுதி இழப்பவர்கள் உண்டு. அரசு வட்டியைக் கட்டுகிறது. முதலை நீங்கள் கட்ட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு சலுகைக் காலத்தின் பின் மாதத் தவணை தொடங்கும். விரும்பினால் வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 75,000 ரூபா மேலதிகமாக எடுக்கலாம். அதுவும் கடன்தான், சும்மா வரும் காசு என்று நினைத்துவிடாதீர்கள்.

அமைச்சின் மாணவர் கடன் தளத்தில் ஒவ்வொரு உள்வாங்கலுக்கும் நிறுவனங்களின் பட்டியல் வரும். அதை இரண்டு தரம் படியுங்கள். நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் போதாது. நீங்கள் படிக்க விரும்பும் பட்டமும் அதே பட்டியலில் இருக்க வேண்டும். கிளை எது என்பதையும் பாருங்கள். கொழும்பில் நடக்கும் பாடநெறிக்குக் கடன் உண்டு என்பதால் அதே நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளைக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது. விளம்பரத்தில் "கடன் வசதி உண்டு" என்று பெரிய எழுத்தில் இருப்பது சிலவேளை அரசின் வட்டியில்லாக் கடனாக இருக்கும். சிலவேளை ஏதோ ஒரு வங்கியின் சாதாரண வட்டிக் கடனாக இருக்கும். இரண்டுக்கும் பத்து வருடத்தில் வரும் வித்தியாசம் ஒரு வீட்டுக்கூரை போடும் காசு.

கடனுக்கு உச்சவரம்பு உண்டு, கட்டணத்துக்கு இல்லை. உதாரணத்துக்கு, உச்சவரம்பு 15 இலட்சம், நாலு வருடக் கட்டணம் 22 இலட்சம் என்று வைப்போம். மீதி 7 இலட்சத்தை நாலால் பிரித்தால் வருடத்துக்கு 1 இலட்சத்து 75 ஆயிரம். மாதத்துக்கு ஏறக்குறைய 14,600 ரூபா. வீட்டில் அந்தத் தொகை மாதம் தவறாமல் எடுக்க முடியுமா என்பதைத் தாய் தகப்பனோடு இருந்து கணக்குப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். இடையில் படிப்பை விட்டால் அதுவரை எடுத்த கடனைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். யார் பிணை நிற்க வேண்டும், பிணையாளரிடம் என்ன ஆவணம் கேட்பார்கள் என்பதையும் ஒப்பந்தம் எழுதும் வங்கிக் கிளையில் முன்கூட்டியே கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமா வசதியானவர்தான். ஆனால் கையெழுத்து வைக்க அவர் இங்கே இருக்க மாட்டார்.

இரண்டாவது, தனியார் பல்கலைக்கழகங்களே தரும் கட்டணக் கழிவு. அவற்றின் தளங்களில் "புலமைப்பரிசில்" என்று பெயரிட்டிருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அது 25 வீதமோ 50 வீதமோ கழிவு. அதுவும் முதல் வருடத்துக்கு மட்டும், அல்லது ஒவ்வொரு தவணையிலும் குறித்த சராசரிப் புள்ளியைத் தக்கவைத்தால் மட்டும். எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: எத்தனை வருடத்துக்கு, எந்தப் புள்ளிக்குக் கீழே போனால் நிற்கும், பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் இதற்குள் அடங்குமா. தொலைபேசியில் சொன்னதை நம்ப வேண்டாம். மின்னஞ்சலில் கேளுங்கள், மின்னஞ்சலிலேயே பதில் வரட்டும். இன்னொன்று: வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் கட்டணத்தின் ஒரு பகுதி பவுண்ஸிலோ டொலரிலோ கணக்கிடப்படலாம். ரூபா இறங்கினால் கட்டணம் ஏறும், கழிவு அப்படியே நிற்கும். 2022இல் அது எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது, பலர் எண்ணிப் பார்க்காத திறந்த பல்கலைக்கழகம். அரச நிறுவனம், யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் உண்டு, வேலை செய்துகொண்டு படிக்கலாம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உதவுதொகையும் கொடுக்கிறது. கட்டணம் உண்டு, ஆனால் எடுக்கும் பாட அலகுக்கு ஏற்றபடி கட்டுவதால் ஒரே அடியாகப் பெருந்தொகை தேவையில்லை. கடனே வேண்டாம் என்று நினைக்கும் குடும்பத்துக்கு இதுதான் முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். "அது கம்பஸ் இல்லையே" என்று முகம் சுளிப்பவர்கள் மாதத் தவணை கட்ட வரப்போவதில்லை. குருநகரில் இருக்கும் உயர்தொழில்நுட்ப நிறுவகத்தின் முழுநேர உயர்தேசிய டிப்ளோமாக்களையும் இதே தட்டில் வைத்துப் பார்க்கலாம்.

வெளிநாட்டுப் படிப்பு: எந்த நாட்டின் தளம், எவருக்கு?

பட்டப்படிப்புக்கே போக விரும்பும் யாழ்ப்பாணப் பிள்ளைக்கு முதலில் பார்க்கவேண்டிய இடம் இந்தியாதான். பலாலியில் ஏறிச் சென்னையில் இறங்கும் தூரம் என்பதைவிட, இந்திய அரசு இலங்கையருக்கென்றே தனித் திட்டங்கள் வைத்திருப்பது பெரிய காரணம். நேரு நினைவுப் புலமைப்பரிசில் பலதுறை இளமாணிப் படிப்புகளுக்கு. ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் தகவல் தொழில்நுட்பத்தில் பொறியியல் இளமாணிக்கு. மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கு. படிப்புக் கட்டணம் முழுதும், மாதப் படி, தங்குமிடப் படி, புத்தகத்துக்கான ஆண்டுக் கொடுப்பனவு, மருத்துவ வசதி, இந்தியாவின் அண்மைய விமான நிலையம்வரை விமானச் செலவு எல்லாம் அடங்கும். இளமாணிப் படிப்பு முழுதுக்கும் இவ்வளவையும் சேர்த்துத் தரும் திட்டங்கள் அதிகம் இல்லை.

இங்கே பார்க்கவேண்டிய தரப்பு இரண்டு. பணம் இந்தியக் கலாசார உறவுகள் பேரவையுடையது. தெரிவில் பங்கு இலங்கைக் கல்வி அமைச்சுடையது. ஆகவே அமைச்சின் அறிவித்தலையும் பேரவையின் விண்ணப்பத் தளத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் பதிந்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து ஆண்டை இழப்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இயங்கும் இந்தியத் துணைத் தூதரகத்தின் சமூக ஊடகப் பக்கங்களில் அழைப்பு வரும் செய்தி பெரும்பாலும் உடனே வந்துவிடும். அறிவித்தல் பார்க்க அது நல்ல இடம், விண்ணப்பிக்க அல்ல.

பேரவையின் தளத்தில் ஐந்து பல்கலைக்கழகங்களை விருப்ப ஒழுங்கில் தரலாம். ஐந்தையும் பெரிய பெயர்களாக நிரப்புவது வழமையான தவறு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே ஏற்கவோ மறுக்கவோ செய்யும். ஐந்தும் மறுத்தால் கதை முடிந்தது. இரண்டு உயரத்துக்கு, இரண்டு உங்கள் பெறுபேற்றுக்குப் பொருந்தியதற்கு, ஒன்று நிச்சயமாகக் கிடைக்கக்கூடியதற்கு என்று பிரித்துப் போடுங்கள். பாடநெறிக்குரிய உயர்தரப் பாடங்கள் உங்களிடம் உண்டா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத் தளத்தில் பாருங்கள். கணிதம் எடுக்காத உயிரியல் பிள்ளை பொறியியலுக்குப் போட்டால் விண்ணப்பம் முதல் வடிகட்டலிலேயே போய்விடும். 500 சொல்லில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றும் கேட்பார்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பிரதிசெய்தால், அதே மாதிரியைப் படித்த இன்னும் பத்துப் பேரின் கட்டுரையோடு சேர்ந்து உங்களுடையதும் கிடக்கும்.

மருத்துவத்துக்கு இந்தப் புலமைப்பரிசில் இல்லை. "இந்திய அரசுப் புலமைப்பரிசிலில் எம்பிபிஎஸ்" என்று யாராவது சொன்னால் உரையாடலை அங்கேயே முடித்துவிடலாம்.

ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் தாராளமானது: கட்டணம் இல்லை, போக வர விமானச் சீட்டு, இளமாணி மாணவருக்கு மாதம் 117,000 யென், முதல் வருடம் மொழிப் பயிற்சி. விண்ணப்பம் கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தின் தளத்தில் வரும். எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் உண்டு, போட்டியும் கடுமை. கணிதமும் ஆங்கிலமும் திடமாக உள்ள பிள்ளை துணிந்து போடலாம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

ஜேர்மனி "இலவசம்" என்பது பாதி உண்மை. பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பது சரி. ஆனால் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வருபவர் ஒரு தவணைக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். விசாவுக்கு முடக்கப்பட்ட (மாதாமாதம் குறித்த தொகையே எடுக்கக்கூடிய) வங்கிக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டெம்பரிலிருந்து உள்ள தொகை. ஒரு யூரோவை 350 ரூபா என்று வைத்தாலே 41 இலட்சத்தைத் தாண்டும். உங்கள் உயர்தரம் நேரடி அனுமதிக்குப் போதுமா, ஒரு வருட ஆயத்தக் கல்லூரி தேவையா என்பதை வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் அனபின் தரவுத்தளத்தில் பாருங்கள். புலமைப்பரிசில் உண்டா என்பதை ஜேர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட்டின் தேடல் பக்கத்தில் பாருங்கள். இரண்டையும் காசு கொடுக்காமலே பார்க்கலாம். இதைப் பார்த்துச் சொல்லத்தான் சில முகவர்கள் கட்டணம் கேட்கிறார்கள்.

அமெரிக்கா பற்றி இணையத்தில் தேடினால் முதல் பத்துப் பக்கமும் அமெரிக்க அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்சா என்ற படிவத்தையே சொல்லும். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் தகுதிபெற்ற நிரந்தரவாசிகளுக்கும் உரியது. யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அதில் வேலையில்லை. உங்களுக்கு உரியது அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் சொந்தக் காசில் தரும் உதவி. அதற்குச் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவம் கேட்கும் கல்லூரிகள் உண்டு. முதல் கல்லூரிக்கு 25 டொலர், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டொலர். கட்ட வசதியில்லையென்றால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதிக் கட்டண விலக்கோ, கட்டணமில்லாத மாற்றுப் படிவமோ கேளுங்கள்; கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆமேர்ஸ்ட் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள் மட்டும் வெளிநாட்டு மாணவரின் காசு நிலையைப் பார்க்காமல் அனுமதி கொடுத்து, தேவையானதைத் தாமே தருகின்றன. மற்ற பல இடங்களில் உதவி கேட்டாலே அனுமதி வாய்ப்புக் குறையும்.

பிரித்தானியாவின் செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் எல்லாம் முதல் பட்டம் முடித்தவர்களுக்கு. செவனிங்குக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். எராஸ்மஸ் முண்டுஸில் மாதம் 1,400 யூரோ. உயர்தரம் முடித்த பிள்ளை இவற்றைப் படித்து நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

பட்டியல் தளங்கள், முகநூல், முகவர்

உலகப் புலமைப்பரிசில்களைத் திரட்டித் தரும் ஆங்கிலத் தளங்கள் நிறைய உண்டு. அவற்றின் பலம், உங்களுக்குத் தெரியாத ஒரு திட்டத்தின் பெயரைத் தருவது. பலவீனம், பழைய தகவலைப் புதிய திகதியோடு மறுபடி போடுவது. நோர்வே 2023 இலையுதிர் காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள மாணவரிடம் கட்டணம் அறவிடத் தொடங்கிவிட்டது. இன்றும் "இலவசமாகப் படிக்கலாம்" பட்டியல்களில் நோர்வே இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு தளத்தைக் கண்டால் அதில் மற்றவற்றையும் சந்தேகத்தோடு படியுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டாலும் இதே சிக்கல்தான். பெயர்கள் சரியாக வரும், முடிவுத் திகதி போன வருடத்தினுடையதாக இருக்கும்.

பெயர் கிடைத்த உடனே மூலப் பக்கத்துக்குப் போக ஒரு சின்ன உபாயம்: கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் தள முகவரியைச் சேர்த்து, பிறகு ஓர் இடைவெளி விட்டுத் தேடும் சொல்லையும் ஆண்டையும் எழுதுங்கள். அந்த ஒரு தளத்துக்குள் மட்டும் தேடும். அமைச்சுத் தளங்களின் உள்ளே இருக்கும் தேடல் பெட்டியைவிட இது நன்றாக வேலை செய்யும். தமிழ் அறிவித்தல் பிந்தி வருவது வழமை என்பதால் ஆங்கிலத்திலும் தேடுங்கள்.

முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு பயன் உண்டு: முன்னைய வருடம் அதே புலமைப்பரிசிலில் போன அக்காவோ அண்ணாவோ அங்கேதான் அகப்படுவார்கள். நேர்முகத்தில் என்ன கேட்டார்கள், எந்த ஆவணத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்பதை எந்தத் தளமும் சொல்லாது. நிபந்தனையை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். அது அவர்களுடைய வருடத்து நிபந்தனை.

முகவர்களைப் பற்றிச் சுருக்கமாக: அவர்களில் பலருக்கு வருமானம் பல்கலைக்கழகம் தரும் தரகிலிருந்து. தரகு இல்லாத திட்டத்தை அவர்கள் உங்களுக்கு நினைவூட்ட மாட்டார்கள். அரசுப் புலமைப்பரிசில் எதற்கும் முகவர் தேவையில்லை. "தெரிவாகிவிட்டீர்கள், செயலாக்கக் கட்டணம் அனுப்புங்கள்" என்று, விண்ணப்பிக்காத ஒன்றுக்குச் செய்தி வந்தாலோ, வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் குறியீட்டைக் கேட்டாலோ அது களவு.

ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும்

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கும் ஊர்ச் சங்கங்கள், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்கள் கொடுக்கும் உதவி எந்தப் பட்டியல் தளத்திலும் வராது. பெரும்பாலும் முகநூல் பக்கமும் ஒரு செயலாளரின் தொலைபேசியும்தான். அரசு உதவியோடு ஒப்பிட்டால் தொகை சிறியது, நிச்சயமும் குறைவு. ஆனால் வேகம் அதிகம், படிவம் குறைவு. மகாபொல வரும்வரையான இடைவெளிக்கும் மடிக்கணினிக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

கேட்கும் விதத்தில்தான் விடயம் இருக்கிறது. "ஏழைக் குடும்பம், உதவி செய்யுங்கள்" என்று இரண்டு வரியில் எழுதினால் கடிதம் கட்டோடு கிடக்கும். ஒரு பக்கத்தில்: தெரிவான பாடநெறி, தெரிவுக் கடிதப் பிரதி, கிராம அலுவலர் சான்று, எதற்கு எவ்வளவு எந்த மாதம் தேவை, வேறு எங்கே விண்ணப்பித்திருக்கிறீர்கள். கடைசி விடயத்தை மறைக்காதீர்கள். சங்கங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பாடசாலை அதிபரின் சிபாரிசுக் கடிதம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

காசோலை கொடுக்கும் படத்தை முகநூலில் போடுவது பல சங்கங்களின் வழக்கம். கொடுப்பவருக்குக் கணக்குக் காட்ட அது தேவையாக இருக்கலாம். பிள்ளைக்கு விருப்பமில்லையென்றால் முன்னமே மரியாதையாகச் சொல்லுங்கள், "படம் போடாமல் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டுத் தரலாமா ஐயா" என்று. ஒத்துக்கொள்பவர்கள் பலர்.

பெயரும் பத்திரமும்

எந்த வழியைத் தெரிந்தாலும் கடைசியில் கோவை நிற்பது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் "சிவரூபன்" என்று மட்டும் இருக்கும். உயர்தரச் சான்றிதழில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு "க. சிவரூபன்". அடையாள அட்டையில் "கந்தசாமி சிவரூபன்". ஆங்கிலத்தில் ஒரு பத்திரத்தில் 'எஸ்ஐ' என்றும் இன்னொன்றில் 'எஸ்எச்ஐ' என்றும் தொடங்கும். வெளிநாட்டுப் படிவம் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லாப் படிவத்திலும் போடுங்கள். வித்தியாசம் இருந்தால் "இருவரும் ஒருவரே" என்ற சத்தியக் கடதாசி ஒன்றைச் சமாதான நீதவான் முன் எடுத்து வைத்திருங்கள்.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். வீட்டில் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர் செய்தது செல்லாது. பரீட்சைச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டலாம். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சியை யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலுள்ள கொன்சியூலர் அலுவலகத்தில் எடுக்கலாம். கடவுச்சீட்டுக்கும் 2025 செப்டெம்பர் முதல் அங்கேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, வவுனியாவுக்கும் கொழும்புக்கும் ஓட வேண்டியதில்லை. ஒழுங்கு முக்கியம்: முதலில் கடவுச்சீட்டு, பிறகு அதிலுள்ள எழுத்துக்கூட்டலைக் காட்டி மொழிபெயர்ப்பு, அதன்பின் அத்தாட்சி. தலைகீழாகச் செய்தால் மொழிபெயர்ப்பை மறுபடி செய்யக் காசு போகும்.

ஸ்கான் செய்யும்போது தளம் கேட்கும் அளவைப் பாருங்கள். ஒரு மெகாபைட்டுக்குள் என்று கேட்டால் கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்ற முடியாது. கறுப்பு வெள்ளையில், அங்குலத்துக்கு 200 புள்ளிச் செறிவில் ஸ்கான் செய்தால் முத்திரையும் தெரியும், அளவும் அடங்கும். கடைசி நாள் இரவுக்கு விடாதீர்கள். எல்லாரும் அந்த இரவில்தான் ஏற்றுவார்கள், தளம் நகராது.

மின்னஞ்சலையும் சொல்ல வேண்டும். கொமினிகேசன் கடையில் விண்ணப்பம் நிரப்பும்போது அவசரத்துக்குக் கடைக்காரரின் மின்னஞ்சலையே போட்டுவிடுவார்கள். நேர்முக அழைப்பு மூன்று மாதம் கழித்து அந்த முகவரிக்குப் போகும். கடைக்காரருக்கு அது யாருடையது என்றே நினைவிராது. பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து, கடவுச்சொல்லை வீட்டுக் கொப்பியில் எழுதிவைத்து, விண்ணப்பம் அனுப்பிய நாளிலிருந்து குப்பை அஞ்சல் பெட்டியையும் கிழமைக்கு இரண்டு தரம் திறந்து பாருங்கள். விண்ணப்ப இலக்கத்தையும் அதே கொப்பியில் எழுதுங்கள். பதில் வராமல் தொலைபேசி எடுத்தால் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான்.